என் காங்காவுக்குத் தோல் மாற்றியபோது கற்றவை

கியூபாவில் பிறந்த, கையால் வாசிக்கும் உயரமான ஒருமுக மேளம் காங்கா. என்னிடம் இருந்த மரக் காங்காவை விற்றுவிடுவது என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன். எங்கள் குழுவில் என்னைவிட இருபது வருடம் மூத்த கலைஞர் ஒருவர் இருக்கிறார். அண்ணா என்றுதான் அழைப்பேன். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் அவருடைய ஃபைபர்கிளாஸ் காங்காவை என்னுடையதற்குப் பக்கத்தில் நிறுத்தி நான்கு ஓப்பன் டோன் (விளிம்பருகே விரல்களால் அடித்து உடனே கையை எடுக்கும்போது எழும் திறந்த நாதம்) அடித்தார். ஒவ்வொரு அடியும் மணி போல எழுந்து, அறையைச் சுற்றிவிட்டு அடங்கியது. அதே நான்கை நான் என் கட்டையில் அடித்தேன். தலையணையைத் தட்டியதுபோல 'தொப்' என்று விழுந்த இடத்திலேயே ஒலி செத்தது.

பல மாதங்களாக இதே குறைதான். கூட்டு வாசிப்பில் என் காங்கா கேட்காது. கேட்க வைக்க வேண்டும் என்று ஓங்கி அடிப்பேன். இரவில் விரல் மூட்டு வீங்கும். மரம் என்றால் மந்தம், ஃபைபர்கிளாஸ் என்றால் கணீர் என்று எங்கோ கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு, பழியைக் கட்டையின் மேல் போட்டுவிட்டேன்.

"விற்பது இருக்கட்டும் தம்பி. இரண்டின் தோலையும் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயா?" என்று அண்ணா கேட்டார்.

இரண்டுமே 11.75 அங்குலம். வளையங்களும் நல்லவேளையாக ஒன்றுக்கொன்று பொருந்தின. அரை மணி நேரத்தில் அவருடைய தோல் என் கட்டைக்கும், என்னுடைய தோல் அவர் மேளத்துக்கும் மாறின. இரண்டையும் ஒரே சுருதிக்கு ஏற்றினோம். அவர் என் காங்காவில் முதல் அடி அடித்தபோது நான் பேசாமல் நின்றுவிட்டேன். அது பாடியது. உருண்டு திரண்டு, அடியில் கொஞ்சம் தேன் ஒட்டிய நாதம். என் தோலைச் சுமந்த அவருடைய ஃபைபர்கிளாஸ் மேளமோ 'தொப்' என்றது.

கட்டைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தோல் மாறிய பிறகும் வித்தியாசம் இருந்தது. ஃபைபர்கிளாஸில் ஸ்லாப் (சுளீரென்று அறையும் அடி) இன்னும் கூர்மையாக, பித்தளைக் கருவிகளையும் தாண்டிக் கேட்கும். மரத்தில் ஓப்பன் டோனுக்கு உடம்பு அதிகம். ஒலிவாங்கி முன் வைத்தால் அழகாகப் பதியும். ஆனால் நான் மாதக்கணக்கில் புலம்பிய குறையில் பெரும்பங்கு தோலுக்குத்தான் சேர வேண்டும். புதிய காங்கா வாங்கியிருந்தாலும், அதன் மேல் அதே மாதிரித் தடித்த தோல் இருந்திருந்தால் அதே புலம்பல்தான்.

ஏன் அப்படி என்பதைப் பிறகு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். விறைப்பாக இழுத்துக் கட்டிய தோலின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: விட்டம், இழுவிசை, தோலின் எடை. விட்டம் கூடினால் சுருதி அதே விகிதத்தில் இறங்கும். இழுவிசையை இரு மடங்காக்கினால் சுருதி இரு மடங்காகாது, சுமார் 1.4 மடங்குதான் ஏறும். தோல் தடித்தால் எடை கூடும், சுருதி இறங்கும். 2 மி.மீ. தோல் தரும் சுருதியை 3 மி.மீ. தோலில் எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கி வளைகிறது, நட்டு முறுக்க மறுக்கிறது, தோல் பலகைபோல விறைக்கிறது. இத்தனைக்கும் பிறகும் விரலின் அடி அதை அசைக்கப் போதவில்லை. என் காங்காவில் இருந்தது எருமைத் தோல். கழற்றிய பிறகு வெர்னியர் காலிப்பரால் அளந்தேன். ஒரு பக்கம் 3 மி.மீ., எதிர்ப்பக்கம் 3.6 மி.மீ. தடிமனும் தவறு, சமமின்மையும் தவறு. ஒவ்வொரு கொக்கியின் பக்கத்திலும் தட்டினால் வேறு வேறு சுரம் கேட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், தோல் வாங்கும்போது தேவைப்படும். மூன்று காங்காக்கள் கொண்ட குடும்பத்தில் சிறியது கிண்டோ, பொதுவாக 11 அங்குலம். நடுவில் காங்கா, 11.75. பெரியது தும்பா, 12.5. வழக்கமான சுருதி முறைகளில் ஒன்று, தும்பாவை ஜி, காங்காவை சி, கிண்டோவை ஈ என்று வைப்பது. நம் சுரங்களில் சொன்னால் கீழ்ப் பஞ்சமம், ஷட்ஜம், அந்தர காந்தாரம். ப, ச, க என்று பாடிக்கொண்டே ஏற்றினால் சுருதிப்பெட்டியே தேவையில்லை. ஒரே தோல், ஒரே இழுவிசை என்றால் கிண்டோவுக்கும் தும்பாவுக்கும் விட்டத்தால் மட்டும் கிடைக்கும் இடைவெளி இரண்டு அரைச்சுரத்துக்குச் சற்று மேல்தான். ஆனால் பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒன்பது அரைச்சுரம் ஏற வேண்டும். மீதியை இழுவிசையும் தடிமனும் கொடுக்க வேண்டும். அதனால்தான் கிண்டோவுக்கு 2 மி.மீ. அளவில் மெல்லியது, காங்காவுக்கு 2 முதல் 2.5, தும்பாவுக்கு 2.5 முதல் 3 என்று படிப்படியாகப் போகிறேன். மூன்றுக்கும் ஒரே தடிமனில் தோல் வாங்கினால் ஏதாவது ஒன்று கட்டாயம் பாழாகும்.

தோலின் இழுவிசைதான் இந்த மேளத்தின் உயிர் என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. கியூபாவில் இதைத் தும்பதோரா என்பார்கள். தொடக்கத்தில் தோலைக் கட்டையின் மேல் ஆணி அடித்தே இறுக்கினார்கள். சுருதி இறங்கினால் நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ஆறினால் மறுபடியும் இறங்கும். கொக்கியும் நட்டும் வந்த பிறகுதான் விரும்பிய சுரத்தில் நிறுத்த முடிந்தது. 1950களில் கியூபக் காங்கா கலைஞர் காண்டிடோ கமேரோ பல காங்காக்களை வெவ்வேறு சுரத்தில் நிறுத்தி மெட்டு வாசித்தது அதனால்தான் சாத்தியமாயிற்று.

காங்காக்களை ஒப்பிடுவது பற்றி. கடையில் போய் இரண்டைத் தட்டிப் பார்த்து "இது நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை. ஒன்று சி-யிலும் மற்றொன்று ஏ-யிலும் இருக்கும். உயர்ந்திருப்பதுதான் காதுக்கு இனிக்கும். முதலில் இரண்டையும் ஒரே சுரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பேனரைக் கையில் எடுக்கச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் இப்போது வாங்குவதில்லை. அடுத்து, இரண்டும் தரையிலிருந்து ஒரே அளவு தூக்கி இருக்க வேண்டும். காங்காவின் அடிவாய் தரையில் அப்பிக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லை; பேஸ் அடி (உள்ளங்கையால் நடுவில் அடிக்கும் கனத்த அடி) அப்படியே மறைந்துவிடும். உட்கார்ந்து வாசிக்கும்போது சற்றுச் சாய்த்து முழங்காலில் தாங்குவதும், நின்று வாசிக்கும்போது தாங்கியில் ஏற்றுவதும் இதற்காகத்தான். என் காங்கா மந்தமாக இருந்த நாட்களில் பாதி நேரம் நான் அதைத் தடித்த கம்பளத்தின் மேல் நேராக நிறுத்தி வாசித்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, அடிப்பவர் வேறு, கேட்பவர் வேறாக இருக்க வேண்டும். வாசிப்பவனின் காது தோலுக்கு நேர் மேலே இருக்கிறது. அவனுக்குக் கீச்சென்ற மேல் ஒலிகளே அதிகம் கேட்கும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்தக் கீச்சொலி கரைந்து, அடித்தொனி மட்டும் மிஞ்சும். அண்ணாவின் தோல் என் காதுக்குப் பக்கத்தில் கொஞ்சம் காட்டமாகவே இருந்தது. அறையின் மறுகோடியில் கைபேசியை வைத்துப் பதிவு செய்து கேட்டபோது அதே தோல் கனிந்திருந்தது. பக்கத்தில் கேட்டதை நம்பி அதை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

இனி எந்தத் தோல் என்ற கேள்வி. மாட்டுத் தோல், எருமைத் தோல், கோவேறு கழுதைத் தோல், செயற்கைத் தோல் ஆகிய நான்கையும் வாசித்துவிட்டேன். எருமைத் தோல் எளிதில் கிழியாது. தொனி இருண்டு, கனத்து இருக்கும். நன்றாகச் சீவிச் சமன்செய்த எருமைத் தோல் தும்பாவுக்கு அருமை. கிண்டோவில் போட்டால் மூச்சு முட்டும். மாட்டுத் தோல் நடுவாந்தரம். எதற்கும் வளைந்துகொடுக்கும், கையும் சீக்கிரம் பழகும். கோவேறு கழுதைத் தோலைப் பழைய கியூப வாத்தியக்காரர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது அதைத் தொட்டால் புரியும். மெல்லியதாக இருந்தும் உறுதி; ஓப்பன் டோன் சுத்தமாக, வால் நீளாமல் நிற்கும்; ஸ்லாப் பட்டாசு. கிடைப்பதுதான் அரிது. என் கிண்டோவில் இப்போது இருப்பது அதுதான், அதை வேறு எதற்கும் மாற்ற மாட்டேன்.

செயற்கைத் தோலை வெறுப்பவர்கள் நிறையப் பேர். நான் வெறுக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் சுருதி அதிகம் மாறாத ஒரே தோல் அது. திறந்தவெளி மேடையில், இரவுப் பனியில் இயற்கைத் தோல் பாட்டுக்குப் பாட்டு இறங்கிக்கொண்டே இருக்கும்போது, 1957இல் தொடங்கிய ரெமோ நிறுவனம் போன்றவர்கள் பாலியஸ்டர் படலத்தில் செய்யும் தோல்களின் அருமை தெரியும். ஆனால் அவற்றில் ஒலி அடங்க நேரமாகும், கை சறுக்கும், விரல் மெதுவாக நகரும்போது எழும் அந்த உராய்வு ஒலி இயற்கைத் தோல் அளவுக்கு இல்லை. பயணத்துக்கு அது, வீட்டுக்கும் பதிவுக்கும் இது என்று நான் பிரித்துக்கொண்டேன்.

வாங்கும் முறையிலும் ஒரு முறை அடிபட்டேன். உள்வளையத்தில் ஏற்கெனவே மடித்துக் கட்டிய தோலை, 11.75 என்று எழுதியிருந்ததை மட்டும் நம்பி வாங்கினேன். தோலைக் கீழே அழுத்தும் என் மேல்வளையம் அதன் மேல் உட்காரவே இல்லை. எண் ஒன்றாக இருந்தாலும் உள்வளையத்தின் பருமனும் தோள்பட்டையின் (தோல் விளிம்பைத் தாண்டிக் கீழே மடங்கும் பகுதி) ஆழமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பது எனக்குத் தெரியாது. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. இப்போது கட்டை விளிம்பின் வெளிவிட்டம், மேல்வளையத்தின் உள்விட்டம், பழைய உள்வளையத்தின் விட்டம், அதன் கம்பியின் பருமன் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். அதே கம்பெனி, அதே வரிசை என்று உறுதியாகத் தெரியாவிட்டால், கட்டிய தோலைவிட வெட்டிய பச்சைத் தோலை வாங்கி நாமே கட்டுவது மேல். பதனிட்டு மிருதுவாக்கிய தோல் இதற்கு உதவாது; அது ஒலிக்காது. மயிர் நீக்கி உலர்த்திய பச்சைத் தோல்தான் வேண்டும். வட்டத்தின் விட்டம் காங்காவைவிட ஐந்தாறு அங்குலம் பெரிதாக இருக்கட்டும்.

வட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு ஓடும், அது முதுகெலும்பு இருந்த தடம். கோடு வட்டத்தின் மையத்தில் போனால் இரு பாதியும் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தில் போனால் ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருக்கும். கத்தித் தடம், பூச்சி கடித்த புள்ளி இருந்தால் வேண்டாம். இழுக்கும்போது அங்கேதான் கிழியும். வெள்ளை வெளேரென்று வெளுத்த தோலையும் நான் தவிர்க்கிறேன். என் கையில் அவை சீக்கிரம் நைந்தன.

முதல் முறை நானே கட்டியது தோல்வி. சீக்கிரம் ஊறட்டும் என்று வெந்நீர் ஊற்றினேன். தோல் ஓரத்தில் சுருண்டு, ரப்பர்போல ஆகிவிட்டது. சூடு பட்டால் தோலின் நார் சுருங்கிப் பாழாகும். பச்சைத் தண்ணீர்தான் சரி. ஈரம் காயும் முன்பே ஓரத்தை ஒட்ட வெட்டியது இரண்டாவது பிழை. காயும்போது தோல் சுருங்கி உள்வளையத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் உழைப்பும் ஒரு நல்ல தோலும் போயின.

இரண்டாவது முறை அண்ணா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாட்டுத் தோல், 2.3 மி.மீ. முதல் நாள் மாலை தொட்டியில் போட்டு, மிதக்காமல் மேலே ஒரு கல் வைத்தோம். காலையில் எடுத்தபோது ஈரத் துணிபோலத் துவண்டது. கொஞ்சம் கவிச்சி அடித்தது. தோல் ஊறிய நேரத்தில் கட்டையின் விளிம்பைச் சரிபார்த்தோம். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் கட்டையைக் கவிழ்த்து, உள்ளே விளக்கைப் போட்டால், விளிம்பு படியாத இடத்தில் வெளிச்சம் கசியும். ஓரிடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கசிந்தது. மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்து, கூர்மையை மழுக்கி, மெழுகுவர்த்தியை விளிம்பு முழுவதும் தேய்த்தோம். தோல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு சமமாக இறங்க அந்த மெழுகு உதவுகிறது.

மயிர் இருந்த வழுவழுப்பான பக்கம் மேலே. தோலைக் கட்டையின் மேல் விரித்து, உள்வளையத்தை வைத்து, தோலின் ஓரத்தை வளையத்தின் மேலே மடித்து உள்ளே கொண்டுவந்தோம். அதன் மேல் மேல்வளையம், பிறகு கொக்கிகள். நட்டுகளை விரலால் மட்டும் திருகினோம். குறடால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்து ஒவ்வொரு சுருக்கமாக எடுத்தோம். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பிடித்தது, அவசரப்பட வேண்டிய இடம் இது இல்லை. "வளையம் தோலின் மேல்தளத்துக்கு ஒரு விரல் கீழே நிற்க வேண்டும் தம்பி. இப்போதே அடிவரை இறக்கிவிட்டால் காய்ந்த பிறகு சுருதி ஏற்ற இடம் இருக்காது, மேலேயே விட்டால் உள்ளங்கை இரும்பில் படும்" என்றார். வளையம் நேராக நிற்கிறதா என்று ஒவ்வொரு கொக்கியிலும் அளவுகோல் வைத்துப் பார்த்தோம்.

நான்கு நாள் நிழலில் காய்ந்தது. வெயிலிலோ மின்விசிறிக்கு நேரே போட்டோ காயவிடக் கூடாது. ஒரு பக்கம் முந்திக் காய்ந்து தோல் கோணிக்கொள்ளும். ஐந்தாம் நாள்தான் கூரான கத்தியால் மிச்சத்தை வெட்டினோம், அப்போதும் ஒரு சென்டிமீட்டர் விட்டே. நட்டின் மரைக்குக் கொஞ்சம் வாசலின் தடவி, கடிகாரம் சுற்றும் வரிசையில் ஒவ்வொன்றையும் அரைச் சுற்று, பிறகு கால் சுற்று என்று ஏற்றினோம். ஒவ்வொரு கொக்கியின் பக்கத்திலும் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி விரலால் தட்டி, எங்கே இறங்கியிருக்கிறதோ அங்கே மட்டும் கூட்டினோம். அன்றே ஷட்ஜத்துக்கு ஏற்றவில்லை. நாளுக்கு ஓர் அரைச்சுரம் வீதம் ஏற்றியதில் ஒரு வாரம் ஆனது.

ஒலி அதோடு முடிந்துவிடவில்லை. முதல் இரண்டு வாரம் தோல் முரண்டு பிடித்தது. ஸ்லாப் வந்தது, ஓப்பன் டோன் இறுகிக் கிடந்தது. தினமும் அரை மணி வாசிக்க வாசிக்க நடுப்பகுதி இளகி, பேஸ் அடி கீழே இறங்கியது. காங்காவின் அடிப்படைத் தாளமான 'தும்பாவோ'வில் இடது கை உள்ளங்கையும் விரலும் மாறிமாறிப் படும் அந்த மெல்லிய அசைவு, பழைய எருமைத் தோலில் எனக்கே கேட்காது. இப்போது பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கிறது. விரல் வீக்கம் நின்றுவிட்டது.

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு நட்டையும் ஒரே எண்ணிக்கையில், ஒரு சுற்று அல்லது ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துகிறேன். மறுநாள் அதே எண்ணிக்கையில் ஏற்றினால் சுருதி கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கும். தோலுக்கும் கட்டைக்கும் இரவில் ஓய்வு. காற்றில் ஈரம் குறைந்தால் தோல் தானாகவே இறுகும். தளர்த்தாமல் விட்ட இரவுகளில் தோல் கிழிந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். செயற்கைத் தோலுக்கு இந்தக் கவலை இல்லை. எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு; தோல் வறண்டு சுரசுரத்தால் மட்டும் ஒரு சொட்டு, அதற்கு மேல் ஒலி மங்கும்.

கழற்றிய எருமைத் தோலைத் தூக்கி எறியவில்லை. தும்பாவுக்குப் போடலாமே என்று முதலில் தோன்றியது, ஆனால் 11.75க்கு வெட்டிய வட்டம் 12.5க்கு எட்டாது. பெரிய மேளத்தின் பழைய தோலை ஊறவைத்துச் சிறிய மேளத்தில் கட்டலாம், சிறியதைப் பெரியதில் கட்ட முடியாது. அதனால் தும்பாவுக்கும் புதிதாகவே வாங்கினேன்: எருமைத் தோல்தான், 2.8 மி.மீ., முதுகுக் கோடு நட்டநடுவில். உள்பக்கத்தில் பென்சிலால் தேதியும் தடிமனும் எழுதி, நேற்று மாலை தொட்டியில் போட்டிருக்கிறேன்.